எந்த வரியைக் குறைக்கக் கேட்பது? பாதுகாப்புச் செலவை முன்வைத்து ஒரு வேலூர் ஒப்பீடு

மத்திய நிதிநிலை அறிக்கைக்கு முன்பாக நிதியமைச்சகத்துக்கு மனு அனுப்புவது எங்கள் வணிகர் சங்கத்தில் ஆண்டுதோறும் நடக்கும் வேலை. உண்மையைச் சொன்னால், போன ஆண்டு மனுவில் தேதியை மாற்றி அனுப்புவதே வழக்கம். 2025 டிசம்பரில் அது முடியாமல் போனது. காட்பாடிச் சாலையில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர், வரைவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். வருமான வரி, ஜி.எஸ்.டி. இரண்டையும் இன்னும் குறைக்க வேண்டும் என்று மூன்றாம் பத்தியில் எழுதியிருந்தோம். 2025 மே மாதத்து ஆபரேஷன் சிந்தூருக்குப் பிறகு ராணுவத்துக்குத் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்று ஏழாம் பத்தியில் எழுதியிருந்தோம். "மூணாவது பாராவுல பொட்டியில இருந்து எடுத்துட்டு, ஏழாவது பாராவுல அதே பொட்டியில போடச் சொன்னா எப்படிப்பா தம்பி?" என்றார். அறையில் சிரிப்பு எழுந்தது. பதில் யாரிடமும் இல்லை. கணக்கு எழுதுகிறவன் என்பதால், வழிகளை ஒப்பிட்டுக் குறிப்பு தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தக் குறிப்பின் விரிவான வடிவம் இது.

பெட்டியின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி, அதாவது நூறு ரூபாயில் 13 ரூபாய் 45 காசு. இந்தத் தொகை முழுவதும் பீரங்கியும் விமானமும் ஆகிவிடுவதில்லை. புதிய தளவாடங்களுக்கான மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. ஓய்வூதியம் மட்டுமே ஏறக்குறைய 1.61 லட்சம் கோடி. மீதியில் பெரும்பகுதி சம்பளம், எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்குப் போகிறது. அதே அறிக்கையில் வட்டிக்காக ஒதுக்கப்பட்டது 12.76 லட்சம் கோடி. எல்லையைக் காக்கச் செலவிடுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கைப் பழைய கடனுக்கு வட்டியாகக் கட்டுகிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல விஷயங்கள் எளிதில் விளங்கும்.

ஹவில்தார் அண்ணன் சொன்ன பெட்டி ஒன்றே ஒன்று என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. வரி என்று நாம் பொதுப்பெயரில் சொல்பவை வெவ்வேறு பெட்டிகளில் விழுகின்றன. அவற்றில் எதைக் குறைத்தால் ராணுவத்துக்குப் பணம் தரும் கை சுருங்கும் என்பது வரிக்கு வரி மாறுகிறது. பாதுகாப்பு மத்திய அரசின் பொறுப்பு மட்டுமே. வரியோ மத்திய, மாநில அரசுகள் பங்கிட்டுக்கொள்வது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ‘வரிக்குறைப்பா, பாதுகாப்பா’ என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை.

ஒரு செருப்புக்கடை ரசீதை எடுத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய விலை 1,500 ரூபாயாக இருக்கும் தோல் காலணிக்கு 2025 செப்டம்பர் 21 வரை 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.; பில் தொகை 1,770 ரூபாய். நவராத்திரி தொடங்கிய நாளான 22-ஆம் தேதி முதல், 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு 5 விழுக்காடு என்று ஆனதால் அதே காலணியின் பில் 1,575 ரூபாய். வாங்குபவருக்கு மிச்சம் 195 ரூபாய். இந்த 195 ரூபாய் யாருடைய பையிலிருந்து வந்தது? சரிபாதி, 97 ரூபாய் 50 காசு, மாநில ஜி.எஸ்.டி.; அது தமிழ்நாட்டுக்கு நேரடியாகக் குறைந்தது. மறுபாதியான மத்திய ஜி.எஸ்.டி.யிலும், மத்திய, மாநில வரிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் 15-ஆவதின் பரிந்துரைப்படி 41 விழுக்காடு மாநிலங்களுக்குச் சேர வேண்டியது. அந்தப் பங்கில் அப்போது தமிழ்நாட்டுக்கு உரியதாக இருந்தது 4.079 விழுக்காடு. கூட்டிப் பார்த்தால் மத்திய அரசு உண்மையில் இழந்தது ஏறக்குறைய 57 ரூபாய் 50 காசு. தமிழ்நாடு மட்டும் இழந்தது 99 ரூபாய்.

பொதுவாகச் சொன்னால், ஜி.எஸ்.டி.யில் 100 ரூபாய் குறைந்தால் மத்திய அரசின் கையில் குறைவது 29 ரூபாய் 50 காசுதான். வருமான வரியிலோ நிறுவன வரியிலோ 100 ரூபாய் குறைந்தால் மத்திய அரசின் பங்கில் குறைவது 59 ரூபாய். சர்சார்ஜ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி), செஸ் (குறிப்பிட்ட ஒரு நோக்கத்தைச் சொல்லிப் போடும் வரி) என்ற பெயரில் வசூலாவதில் 100 ரூபாய் குறைந்தால் முழு நூறும் மத்திய அரசையே சேரும் இழப்பு, ஏனெனில் அவை மாநிலங்களுக்குப் பகிரப்படுவதில்லை. பெட்ரோல் போடும்போது இந்த வேறுபாட்டை நாம் கவனிப்பதில்லை. லிட்டருக்கு மத்திய அரசு வசூலிக்கும் தொகையில் அடிப்படை உற்பத்தி வரியான 1 ரூபாய் 40 காசு மட்டுமே மாநிலங்களுடன் பங்கிடப்படும். சிறப்புக் கூடுதல் வரியும் செஸ்ஸும் அந்தக் கணக்கில் வராது. 2025 ஏப்ரலில் ஏற்றப்பட்ட 2 ரூபாயும் இந்தப் பங்கிடாத பக்கத்தில்தான் சேர்ந்தது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழி, ஜி.எஸ்.டி.யை இன்னும் குறைக்கக் கேட்பது. செப்டம்பர் மாற்றத்தால் நிகர இழப்பு ஆண்டுக்கு 48,000 கோடி ரூபாய் என்று அரசே மதிப்பிட்டது. மேலே சொன்ன விகிதப்படி மத்திய அரசின் தலையில் விழுவது சுமார் 14,000 கோடி, மீதி மாநிலங்களுடையது. பாதுகாப்புச் செலவு என்ற ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இதுவே மிகக் குறைந்த சேதமுள்ள வரிக்குறைப்பு. ஆனால் இழப்பு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. மாநிலங்களுக்கான ஜி.எஸ்.டி. இழப்பீடு 2022 ஜூன் மாதத்தோடு நின்றுவிட்டது. காவல் நிலையமும் அரசு மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் மாநிலப் பணத்தில் நடப்பவை. ரங்காபுரத்தில் கடை வைத்திருப்பவருக்கு இரவில் பூட்டு உடைபடாமல் இருப்பதும் பாதுகாப்புதான். அதற்குச் சம்பளம் தருவது சென்னை, டெல்லி அல்ல.

மேலும், எங்கள் பகுதித் தொழிலுக்கு இப்போது தேவை இன்னொரு விகிதக் குறைப்பு என்று நான் நினைக்கவில்லை. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பழைய வடஆற்காட்டின் பாதி வயிறு தோலை நம்பியிருக்கிறது. பதப்படுத்திய தோலுக்கும், தோல் சார்ந்த ஜாப் ஒர்க்குக்கும் (பிறர் பொருளில் கூலிக்குச் செய்துதரும் வேலை) 12 விழுக்காடு 5 ஆகிவிட்டது. காலணிக்கும் 5. ஆனால் பசை, ரசாயனம், பல வகை உதிரிப் பொருள்கள் ஆகியவற்றுக்கு 18 விழுக்காடு கட்டித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கும்போது 18, விற்கும்போது 5 என்றால், இடையில் உள்ள உள்ளீட்டு வரி உற்பத்தியாளர் கணக்கில் தேங்கிவிடுகிறது. அதைத் திரும்பப் பெற ரீஃபண்ட் விண்ணப்பம் போட வேண்டும். சேவைகளுக்குக் கட்டிய வரி இந்த ரீஃபண்டில் வராது என்பதை 2021 செப்டம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது; அந்த வழக்கின் பெயரே ஒரு காலணி நிறுவனமான வி.கே.சி. ஃபுட்ஸ்டெப்ஸின் பெயரால்தான் அறியப்படுகிறது. இத்தகைய ரீஃபண்டில் 90 விழுக்காட்டைத் தற்காலிகமாக உடனே விடுவிக்கலாம் என்று 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைத்தது நல்ல செய்தி. நான் கணக்கு பார்க்கும் சிறிய பட்டறை ஒன்றின் முதலாளி, "ரேட்டைக் குறைச்சது போதும் சார், என் பணத்தை எனக்குக் குடுத்தா போதும்" என்று மாதாமாதம் சொல்கிறார். தேங்கிய வரியை விரைவில் திருப்பித் தருவதால் அரசுக்குப் போவது சில வாரங்களின் வசதி மட்டுமே. நிரந்தர வருவாய் ஒரு ரூபாயும் குறையாது. எல்லைக்கும் சேதமில்லை, மாநிலத்துக்கும் சேதமில்லை. இந்தக் கோரிக்கை எங்கள் பழைய மனுக்கள் எதிலும் இல்லாதது வெட்கத்துக்குரியது.

இரண்டாம் வழி, வருமான வரி. 2025-26 அறிக்கையில் புதிய முறைப்படி ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வரியில்லை என்றானது. சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவையும் சேர்த்து 12.75 லட்சம். முந்தைய ஆண்டு விகிதப்படி சரியாக 12 லட்சத்துக்கு 80,000 ரூபாய் வரி வந்திருக்கும். அது மொத்தமாக நின்றதால் மாதத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல் கையில் தங்கும் குடும்பங்கள் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் நிறைய உண்டு. அந்தப் பணத்தில் ஒரு பகுதி எங்கள் கடைகளுக்கும் வரும் என்பதால் சங்கத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அரசின் மதிப்பீட்டில் இதனால் விட்டுக்கொடுத்த நேரடி வரி ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி. மத்திய அரசின் பங்கு 59,000 கோடி. அந்த ஆண்டின் பாதுகாப்பு மூலதனச் செலவான 1.80 லட்சம் கோடியோடு வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. செலவிடப்பட்ட பணம் வேறு வரியாக ஓரளவு திரும்பி வரும் என்பது உண்மை. முழுவதும் திரும்பி வரும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

இந்த இடத்தில் அரக்கோணத்தைச் சொல்லியாக வேண்டும். காட்பாடியிலிருந்து சென்னைக்குக் காலை ரயிலில் போகிறவர்கள், அரக்கோணத்தை நெருங்கும்போது சாம்பல் நிற விமானம் ஒன்று தாழப் பறந்து இறங்குவதைப் பார்த்திருக்கலாம். பயணிகள் விமானம் போலவே இருக்கும். சன்னல் வரிசை மட்டும் இருக்காது. ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்தின் பி-8ஐ விமானம் அது. கடலுக்கடியில் நீர்மூழ்கிகளைத் தேடுவது அதன் வேலை. முதல் எட்டு விமானங்களுக்கு 2009-இல் சுமார் 210 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. முதல் விமானம் வந்தது 2013-இல். அதுவரை கடலைக் கண்காணித்த ரஷ்யத் தயாரிப்பான டி.யு.-142 விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வுபெற்றன. 2009-இல் யாராவது ‘இந்த ஆண்டு வேண்டாம், வரியைக் குறைத்துக்கொள்வோம்’ என்று முடிவு செய்திருந்தால், அன்று யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. எட்டு ஆண்டு கழித்து, பழைய விமானம் போன பிறகு, ஓடுபாதை வெறுமையாக இருந்திருக்கும். மூலதனச் செலவைக் குறைப்பதில் உள்ள ஆசையும் ஆபத்தும் இதுதான். சம்பளத்தை நிறுத்தினால் அடுத்த மாதமே தெரியும். விமானத்தை நிறுத்தினால் அடுத்த ஆட்சியில்தான் தெரியும். அதனால் நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் தள்ளிப்போவது கொள்முதல்தான்.

மூன்றாம் வழி, வரியைக் குறைத்துவிட்டு, பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு சர்சார்ஜோ செஸ்ஸோ போடுவது. நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 1962 சீனப் போரை ஒட்டித் தேசியப் பாதுகாப்பு நிதி தொடங்கப்பட்டபோது கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்தவர்களின் கதை தமிழ்நாட்டில் பல வீடுகளில் உண்டு. அது மனமுவந்து கொடுத்தது. 1963-இல் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த மிகைலாப வரியும் கட்டாயச் சேமிப்பும் அப்படியல்ல. எதிர்ப்பு பெருகவே, அவருக்குப் பின் நிதியமைச்சரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி அவற்றைத் தளர்த்தவும் மாற்றவும் வேண்டியதாயிற்று. 1971 நவம்பரில் வங்கதேச அகதிகளுக்காகத் தபாலுக்கு 5 காசு கூடுதல் வில்லை ஒட்டச் சொன்னார்கள். பழைய கடிதக் கட்டுகளில் அந்தச் சின்ன வில்லையை இன்றும் பார்க்கலாம். கார்கிலுக்குப் பிந்தைய சூழலில், 2002-03-இல், நாட்டின் பாதுகாப்பைச் சொல்லியே வருமான வரியின் மீது 5 விழுக்காடு சர்சார்ஜ் வந்தது. மறு ஆண்டு பெரும்பாலான தனிநபர்களுக்கு விலக்கப்பட்டது. இப்படிப் போனவை உண்டு, போகாதவையும் உண்டு. கல்விக்கென்று 2004-இல் 2 விழுக்காடாக வந்த செஸ் 2007-இல் 3 ஆகி, 2018-இல் சுகாதாரத்தையும் சேர்த்துக்கொண்டு 4 ஆகி, இன்றும் ஒவ்வொரு வருமான வரிக் கணக்கின் கடைசி வரியில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒன்று, பான் மசாலா தயாரிக்கும் இயந்திரங்களின் திறனைக் கணக்கிட்டு, பொதுச் சுகாதாரத்துக்கும் தேசியப் பாதுகாப்புக்குமாக ஒரு செஸ் விதிக்கிறது. புகையிலை கலந்த குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை செய்யப்பட்டவை என்பதால், எங்கள் சங்கத்தில் இதை எதிர்க்க ஒருவரும் இல்லை. எனக்கும் பான் மசாலாவுக்காக வாதாட விருப்பமில்லை. என் தயக்கம் வேறு. செஸ் என்ற வடிவம் மத்திய அரசுக்கு மிக வசதியானது; ஒரு பக்கம் மாநிலங்களுக்குப் பங்குள்ள வரியைக் குறைத்து நல்ல பெயர் வாங்கலாம், மறுபக்கம் பங்கில்லாத வரியை ஏற்றி இழப்பைச் சரிக்கட்டலாம். இது ஒருமுறை நடந்தால் தேவை; ஆண்டுதோறும் நடந்தால் கூட்டாட்சியின் கணக்கே மாறிவிடும். பாதுகாப்புக்கு என்று எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்கத் தயங்குவார்கள் என்பது இந்த வழியின் பலம். எனக்கு அதுவே அதன் குறையாகவும் படுகிறது.

நான்காம் வழி கடன். வரியையும் குறைத்து, ராணுவத்துக்கும் கொடுத்து, பற்றாக்குறையைக் கடனால் நிரப்புவது கேட்பதற்கு இனிமையானது. ஏழாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் ஒன்றாக நிற்கக்கூடிய ஒரே வழியும் இதுதான். போரைக் கடனில் நடத்துவதன் விளைவு குறித்து வேறு ஊர்க்காரர்கள் புத்தகத்தில் படிக்க வேண்டும். நமக்கு ஆற்காடு பக்கத்திலேயே இருக்கிறது. நவாபு முகமது அலி வாலாஜா தன் பாதுகாப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிடம் விட்டார். அந்தப் படைக்கான செலவைக் கட்ட, பால் பென்ஃபீல்டு முதலிய சென்னை ஆங்கிலேயர்களிடமே கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாக ஊர்களின் வரி வசூலை எழுதிக் கொடுத்தார். 1780 நவம்பரில் ஹைதர் அலி ஆற்காட்டைப் பிடித்து வேலூர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது நிலைமை முற்றியது. 1781-இல் கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட நவாபின் நாட்டு வருவாயையே கம்பெனிக்கு ஒப்படைக்க வேண்டி வந்தது. 1785-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இந்தக் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் அளவுக்கு அது நாறியது. 1801-இல் நாடே கைமாறியது.

இந்த உவமையை இழுத்துக்கொண்டே போகக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய அரசு பெரும்பாலும் ரூபாயில், சொந்த நாட்டு வங்கிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் கடன் வாங்குகிறது. எந்தத் தாலுகாவையும் அடகு வைக்கவில்லை. முப்பது ஆண்டு உழைக்கும் கப்பலுக்குக் கடன் வாங்குவதில் நியாயமும் இருக்கிறது, ஏனெனில் பயனடையும் அடுத்த தலைமுறையும் அதில் பங்கு கொடுக்கிறது. ஆனால் வட்டி 12.76 லட்சம் கோடியாக நிற்கும்போது, ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியில் மேலும் ஒரு லட்சம் கோடி வாங்கினால், ஒவ்வோர் ஆண்டும் 7,000 கோடி முன்கூட்டியே செலவாகிவிடுகிறது. அந்தச் சுமை நாளைய பாதுகாப்புச் செலவையும் சேர்த்தே நெருக்கும்.

பாதுகாப்புத் துறையின் உபரி நிலங்களையும் பொதுத்துறைப் பங்குகளையும் விற்று நிதி சேர்க்கும் யோசனை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒருமுறை விற்பது ஆண்டுச் செலவுக்கு ஆகாது. ஆனால் அதை உள்ளடக்கி என்.கே. சிங் தலைமையிலான 15-ஆவது நிதிக்குழு முன்வைத்த திட்டம் கவனிக்கத் தக்கது. 2021 முதல் 2026 வரை 2.38 லட்சம் கோடி ரூபாயில், ஆண்டு முடிவில் காலாவதியாகாத தனி நவீனமயமாக்கல் நிதி ஒன்றை அமைக்க அது பரிந்துரைத்தது. மார்ச் 31-க்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும் என்ற விதி, ஐந்தாறு ஆண்டு இழுக்கும் கொள்முதலுக்குப் பொருந்தாது என்பது அதன் அடிப்படை. வரியை ஒரு பைசாகூட ஏற்றாமல், இருக்கும் பணத்தையே பயனுள்ளதாக்கும் வழி இது.

இன்னொரு வழியைப் பேசத்தான் எங்கள் கூட்டத்தில் குரல் தாழ்ந்தது: பாதுகாப்புச் செலவுக்குள்ளேயே, ஓய்வூதியத்தைக் குறைத்துத் தளவாடத்துக்குக் கொடுப்பது. கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைப்பார்கள். முதல் உலகப் போர்க் காலம் தொட்டு வீட்டுக்கு ஒருவர் என்று படைக்கு அனுப்பிய ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் மாதாமாதம் வரும் பென்ஷன்தான் மளிகைக்கடைப் பற்றுவரவை நேர்செய்கிறது, பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைக்கிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் 25 விழுக்காட்டினரே தொடர முடியும். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயுடன், பென்ஷன் இல்லாமல் வெளியே வருவார்கள். இந்தச் சேமிப்பு கணக்கில் தெரிய நெடுநாளாகும், ஏனெனில் ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்களின் உரிமை அப்படியே இருக்கிறது. கணக்காக மட்டும் பார்த்தால் இந்த வழியில் தவறில்லை. ஆனால் வரிக்குறைப்பின் சுமையை நான்கில் மூன்று பங்கு இளம் சிப்பாய்களின் எதிர்காலத்தின் மீது ஏற்றும் வழி இது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் அதை ஆதரிக்க வேண்டும். ஹவில்தார் அண்ணனின் தங்கை மகன் இப்போது அக்னிவீரராக இருக்கிறான். "அவன் திரும்பி வந்தா என் கடையிலயே உக்கார வெச்சுக்குவேன், ஆனா எல்லாருக்கும் மாமன் கடை வெச்சிருக்க மாட்டான்ல" என்று மட்டும் சொன்னார்.

இவற்றை ஒப்பிட்டு நான் கொடுத்த பரிந்துரை இது. ஜி.எஸ்.டி.யில் புதிய விகிதக் குறைப்பு எதையும் இந்த ஆண்டு கேட்க வேண்டாம். தேங்கிய உள்ளீட்டு வரியை, சேவைகளுக்குக் கட்டியதையும் சேர்த்து, குறித்த நாளுக்குள் திருப்பித் தரக் கேட்போம். சேவைகளைச் சேர்ப்பதற்குச் சிறிது வருவாய் இழப்பு உண்டு. அதைச் சொல்லியே கேட்போம். வருமான வரியில் 12 லட்சம் வரையிலான சலுகை இப்போதுதான் வந்திருப்பதால், மேலும் குறைக்கும் கோரிக்கையை இரண்டு ஆண்டுக்கு நிறுத்திவைப்போம். பாதுகாப்புக்கென்று புதிய செஸ் எதுவும் வந்தால் அதற்கு முடிவு தேதியும் தனிக் கணக்கும் வேண்டும் என்று எழுதுவோம். ஏழாம் பத்தியில் ‘தாராளமாக நிதி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, காலாவதியாகாத நவீனமயமாக்கல் நிதியை அமைக்கும்படி கேட்போம்.

செயற்குழுவில் முதல் கோரிக்கையும் கடைசி இரண்டும் விவாதமின்றி நிறைவேறின. வருமான வரியை நிறுத்திவைக்கும் யோசனை தோற்றது. நகைக்கடைக்காரர்கள் இருவரும் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரும், கேட்பதற்குக் காசா என்று சொல்லி அதை மூன்றாம் பத்திக்கே திருப்பி அனுப்பினார்கள். ஹவில்தார் அண்ணன் கையெழுத்துப் போடும்முன் பென்சிலை எடுத்து, ஏழாம் பத்தியின் இறுதியில் ஒரு வரி சேர்த்தார்: நான்காண்டு முடித்து வரும் வீரர்களுக்கு எங்கள் சங்கக் கடைகளில் வேலைக்கு முன்னுரிமை தரப்படும். இது அரசிடம் கேட்பதல்லவே, நாம் கொடுப்பதாயிற்றே, மனுவில் எப்படி வரும் என்று செயலாளர் கேட்டார். அந்த வரி இன்னும் பென்சிலிலேயே இருக்கிறது.